ஆனந்தரங்கர் கண்ட போர்

நுழையும்முன்

போர் எங்கே தொடங்குகிறது? படைகள் மோதும் களத்திலா? அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே கணக்கேடுகளிலும் கப்பல் தளங்களிலும் அரண்மனைகளிலுமா? 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நிகழ்த்திய போர்களைப் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ் வணிகர் ஒருவர் மிக அருகிலிருந்து கண்டார். கண்டவற்றை நாள்தோறும் எழுதியும் வைத்தார். அவருடைய வாழ்க்கையின் வழியே அப்போர்களின் காரணங்களை அறிவோம்.

இரு கோட்டைகளுக்கு நடுவே ஒரு நகரம்

சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் ஆனந்தரங்கர் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகத்தில் தேர்ந்தவர். மூன்று வயதிலேயே தாயை இழந்த ஆனந்தரங்கர் தந்தையின் அரவணைப்பில் வளர்ந்தார்.

அக்காலத்தில் சென்னை, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகத்தலமாகத் திகழ்ந்தது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் பிரெஞ்சுக் கம்பெனியின் புதுச்சேரி இருந்தது. புதுச்சேரிக்கும் தெற்கே, ஒரு நாள் நடைத் தொலைவில், கடலூரை அடுத்து ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை நின்றது. பிரெஞ்சுக்காரரின் நகரம் ஆங்கிலேயரின் இரு கோட்டைகளுக்கு நடுவே அமைந்திருந்தது என்பதை மனத்திற் கொண்டால், பின்னாளில் நிகழ்ந்தவை எளிதில் விளங்கும்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் அதன் வணிகத்தை நிலைநிறுத்தினார். 1693இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1699இல் அது பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. தொலைதூரத்தில் எழுதப்பட்ட ஓர் ஓலை தன் தலைவிதியை முடிவு செய்வதைப் புதுச்சேரி அப்போதே ஒருமுறை கண்டுவிட்டது.

குடும்பம் கற்ற பாடம்

திருவேங்கடத்தின் மைத்துனரான நைனியப்பர் புதுச்சேரியில் தலைமைத் துபாசியாகப் பணியாற்றினார். அவருடைய அழைப்பை ஏற்றுத் திருவேங்கடம் குடும்பத்துடன் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். துபாசி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கம்பெனிக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே விலை பேசுபவர்; ஆளுநருக்கும் அரசவைகளுக்கும் இடையே தூது நடத்துபவர்; நகரத்தாரின் வழக்குகளைக் கேட்பவர். இவ்வளவு செல்வாக்கும் ஆளுநரின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வுண்மையை ஆனந்தரங்கரின் குடும்பம் பட்டு அறிந்தது. 1716இல் ஆளுநர் எபேரின் ஆணையால் நைனியப்பர் சிறைப்படுத்தப்பட்டார். பலர் பார்க்கக் கசையடி பெற்ற அவர், மறு ஆண்டே சிறையில் உயிர் துறந்தார். திருவேங்கடம் அஞ்சிச் சென்னைக்குச் சென்றுவிட்டார். பின்வந்த ஆளுநர் உறுதி அளித்து அழைத்த பிறகே புதுச்சேரிக்குத் திரும்பினார். நைனியப்பரின் மகன் குருவப்பர் கடல் கடந்து பிரான்சு நாட்டிற்கே சென்று நீதி கேட்டார். நைனியப்பர்மீது சுமத்தப்பட்ட தீர்ப்பு நீக்கப்பட்டது. கிறித்தவ சமயம் தழுவி, பிரெஞ்சு அரசின் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பிய குருவப்பர் தந்தையின் பதவியில் அமர்ந்தார். ஆயினும் 1724இல் அவர் மறைந்தார்.

மாமன் முறையினரின் சிறைவாசத்தைச் சிறுவயதில் கண்ட ஆனந்தரங்கர், பிற்காலத்தில் எந்த ஆளுநரிடமும் நெருங்கியும் எச்சரிக்கையோடும் பழகியதற்கு இந்நிகழ்வுகளும் ஒரு காரணம் எனலாம்.

வணிகர் ஆனந்தரங்கர்

எம்பார் என்னும் ஆசிரியரிடம் கல்வி கற்ற ஆனந்தரங்கர், 1726இல் தந்தையை இழந்தபோது பதினேழு வயதினராக இருந்தார். அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட ஆளுநர் லெனுவார் அவரைக் கம்பெனியின் பணியில் அமர்த்தினார். பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுக்காரரின் துணி வணிகத்தை ஏற்று நடத்திய அவர், அதனை நன்கு வளர்த்தார். லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் வணிக நிலையங்களை ஏற்படுத்தினார். ஆனந்தப்புரவி என்னும் பெயர் கொண்ட அவருடைய சொந்தக் கப்பலும் கடலில் ஓடியது. புதுச்சேரியில் அவர் நடத்திய பாக்குக் கிடங்கு, வணிகரும் தூதரும் வழக்குரைப்போரும் கூடும் இடமாக விளங்கியது.

அந்நாளைய வணிகம் நடைபெற்ற முறையை அறிந்துகொள்வது இன்றியமையாதது. ஐரோப்பாவில் சோழமண்டலத் துணிக்கு, குறிப்பாக நீலத்துணிக்கும் நீண்ட வெண்துணிக்கும், பெரும் தேவை இருந்தது. ஆனால் ஐரோப்பியப் பொருள்களை வாங்குவோர் இங்குக் குறைவு. ஆதலால் கம்பெனிகள் கப்பல்களில் வெள்ளியைக் கொண்டுவந்தன. அவ்வெள்ளியை முன்பணமாகப் பெற்ற வணிகர்கள் சிற்றூர்தோறும் சென்று நெசவாளர்களுக்குப் பகிர்ந்து அளித்தனர். நெய்த துணி தரம் பார்க்கப்பட்டு, வெளுக்கப்பட்டு அல்லது சாயமேற்றப்பட்டு, பொதிகளாகக் கட்டப்பட்டுக் கடற்கரை வந்து சேர்ந்தது. இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில் சலங்குப் படகுகள் அலைகளைக் கடந்து பொதிகளைக் கப்பலில் ஏற்றின. ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன் கப்பல்கள் கரையை விட்டு அகல வேண்டும். ஒரு கப்பல் வரத் தவறினால் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லையேல் தறிகள் ஓய்ந்தன.

இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது? அதன் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மெக்சிகோ, பெரு ஆகிய அமெரிக்க நாட்டுச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கப்பட்டதாகும். ஐரோப்பா வழியாக ஒரு பகுதியும், ஸ்பானியரின் மணிலாத் துறைமுகம் வழியாக மற்றொரு பகுதியும் சோழமண்டலத்தை வந்தடைந்தன. 1736இல் ஆளுநர் துமா, ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியிடம் நாணயம் அச்சிடும் உரிமையைப் பெற்றார். ஸ்பானிய வெள்ளி உருக்கப்பட்டுப் புதுச்சேரி அக்கசாலையில் ஆர்க்காட்டு ரூபாயாக வார்க்கப்பட்டது. ஆனந்தரங்கர் தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் அதே 1736ஆம் ஆண்டில்தான்.

கடலுக்கு அப்பால் விதைத்த பகை

ஆங்கிலக் கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனியும் சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் அருகருகே வணிகம் செய்தன. ஐரோப்பாவில் அவர்தம் அரசர்கள் போரிட்ட காலத்திலும் இங்குள்ள வணிகர்கள் பெரும்பாலும் அமைதி காத்தனர். போர் நடந்தால் துணி வாராது. துணி வாராவிடில் ஆதாயம் இல்லை என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். இந்நிலை ஏன் மாறிற்று?

முதற்காரணம் வணிகப் போட்டி. 1720களின் பிற்பகுதியில் தொடங்கிப் பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகம் விரைந்து வளர்ந்தது. ஒரே நெசவூரில் இரு கம்பெனிகளின் முகவர்களும் துணி கேட்டு நின்றனர். விலை ஏறியது, ஆதாயம் சுருங்கியது. கம்பெனி அலுவலர்கள் தம் சொந்தப் பணத்தைக் கொண்டும் ஆசியத் துறைமுகங்களுக்கிடையே வணிகம் செய்தனர். எனவே, கம்பெனியின் இழப்பு அவர்களுடைய சொந்த இழப்பாகவும் ஆனது.

இரண்டாம் காரணம் கடலுக்கு அப்பால் தோன்றியது. அமெரிக்காவில் தனக்கு உரிய நாடுகளோடு பிறர் வணிகம் செய்வதை ஸ்பெயின் தடுத்தது. அங்கு அடிமைகளை விற்கவும் ஆண்டிற்கு ஒரு கப்பல் சரக்கு கொண்டுசெல்லவும் மட்டுமே ஆங்கிலேயர் ஒப்பந்த உரிமை பெற்றிருந்தனர். அவ்வரம்பை மீறி ஆங்கில வணிகர் கள்ளச் சரக்கு ஏற்றினர். ஸ்பானியக் கடற்காவலர் அக்கப்பல்களை மறித்துச் சோதித்தனர். அத்தகைய சோதனை ஒன்றில் தன் காது அறுக்கப்பட்டதாக ஜென்கின்சு என்னும் கப்பல் தலைவன் முறையிட்டான். அம்முறையீடு மக்களின் சினத்தைத் தூண்டியது. 1739இல் இங்கிலாந்து ஸ்பெயின்மீது போர் தொடுத்தது. அறுபட்ட காது ஒரு சாக்கே; அமெரிக்க வணிகத்திலும் வெள்ளியிலும் யார் பங்கு பெறுவது என்பதே உண்மையான வழக்கு.

1740இல் ஆஸ்திரிய அரசுரிமை குறித்த பூசல் எழுந்தது. ஸ்பானிய அரசரும் பிரெஞ்சு அரசரும் ஒரே பூர்போன் மரபினர். ஸ்பெயினோடு தொடங்கிய கடற்பகையும் ஆஸ்திரிய அரசுரிமைப் பூசலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 1744இல் இங்கிலாந்தும் பிரான்சும் வெளிப்படையாகப் போர் அறிவித்தன. வியன்னாவின் அரியணையில் யார் அமர்வது என்பது பற்றிப் புதுச்சேரி நெசவாளருக்கு எக்கவலையும் இல்லை. எனினும் அவருடைய தறியை நிறுத்தும் ஆற்றல் அப்பூசலுக்கு இருந்தது.

1742இல் புதுச்சேரி ஆளுநராகப் பொறுப்பேற்ற துய்ப்ளே, இந்தியாவில் இரு கம்பெனிகளும் போரிடாமல் இருக்கலாம் என்று சென்னைக்கு எழுதினார். அரசரின் போர்க்கப்பல்கள் தம் ஆணைக்கு உட்பட்டவை அல்ல எனச் சென்னை ஆளுநர் விடையளித்தார். அவ்விடை மெய்யாயிற்று. 1745இல் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் சீனாவிலிருந்து சரக்கோடு திரும்பிய பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றின. அவ்வணிகத்தில் துய்ப்ளேயின் சொந்தப் பணமும் இருந்தது. அமைதியை நாடிய ஆளுநர் அதன்பின் போரை நாடலானார்.

இவையனைத்தும் ஆனந்தரங்கரின் கண்முன் நிகழ்ந்தன. எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை, யார் கடன்பட்டார், யார் முகம் வாடிற்று என்பவற்றை அவர் நாள் தவறாது குறித்தார். இரு நாட்டாரிடையே மூண்ட பகைக்கு வெறுப்பை மட்டும் காரணமாகக் கருத அவர் குறிப்புகள் இடம் தருவதில்லை. வராத கப்பலும் முடங்கிய முதலும் பதவி ஆசையும் அவற்றின் பக்கங்கள்தோறும் தென்படுகின்றன.

சென்னை வீழ்ந்தது

1746 தொடக்கத்தில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் மறைந்தார். அப்பதவிக்குப் பலர் முயன்றனர். கிறித்தவர் ஒருவரே அதில் அமர வேண்டும் எனச் சிலர் வற்புறுத்தினர். ஆளுநரின் துணைவியாரும் ஆனந்தரங்கரை விரும்பவில்லை. பெயரளவில் பதவி பெறாமலே அதன் பணிகளை ஆனந்தரங்கர் ஆற்றிவந்தார். 1747இல்தான் அப்பதவி முறைப்படி அவருக்கு வழங்கப்பட்டது.

அவ்விடைக்காலத்தில் போர் கரையை வந்தடைந்தது. மொரீசியசுத் தீவின் ஆளுநர் லபூர்தொனே கப்பற்படையுடன் வந்து, 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றினார். ஆனந்தரங்கர் பிறந்த ஊரை அவர் வாழ்ந்த ஊர் வென்றது. வெற்றி கிடைத்த மறுகணமே வென்றோரிடையே பூசல் மூண்டது. பதினொரு இலட்சம் வராகன் மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர லபூர்தொனே இசைந்தார். போட்டி நகரை நிலையாகவே ஒழித்துவிட வேண்டும் என்று துய்ப்ளே கருதினார். அக்டோபரில் வீசிய கடும்புயல் லபூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்தது. அவர் கரையை விட்டு அகன்றார். பின்பு பிரான்சில் சிறைப்பட்டார். சென்னை துய்ப்ளேயின் கைக்கு வந்தது.

சென்னை வணிகரைப் புதுச்சேரிக்குக் குடியேற்றிவிட்டால், வணிகமும் உடன் வந்துவிடும் என்பது துய்ப்ளேயின் எண்ணம். அவர்களை இணங்கச் செய்யும் முயற்சியில் ஆனந்தரங்கரும் ஈடுபட வேண்டியிருந்தது. ஆனால் வணிகர் எளிதில் இணங்கவில்லை. கோட்டையைப் படையால் பிடிக்கலாம். நெசவாளர், தரகர், கடன் கொடுத்தோர், வாங்கியோர் ஆகியோரிடையே பல்லாண்டுகளாக வளர்ந்த நம்பிக்கையைப் படையால் பெயர்த்தெடுக்க இயலாது. வணிகரான ஆனந்தரங்கர் இதனை ஆளுநரைவிட நன்கு அறிந்திருப்பார்.

தம் நாட்டில் போரிடலாகாது என்று தடுத்திருந்த நவாபு அன்வருதீன், சென்னையைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டார். அவ்வாறு தருவதாகக் கூறியிருந்த துய்ப்ளே அதனை நிறைவேற்றவில்லை. நவாபின் மகன் மாபூசுகான் பெரும்படையுடன் வந்தார். 1746 நவம்பரில் அடையாற்றின் கரையில் சிறிய பிரெஞ்சுப் படை ஒன்று அப்பெரும்படையை முறியடித்தது. ஒழுங்கான பயிற்சியும் விரைந்து சுடும் துப்பாக்கிகளும் எண்ணிக்கையை வெல்லும் என்பது அன்று வெளிப்பட்டது. இவ்வெற்றியே பின்னாளைய பெருந்தீங்குகளுக்கு வழி திறந்தது. இந்திய அரசர்களின் பூசல்களில் தம் படையை விலைபேசலாம் என்னும் எண்ணம் ஐரோப்பியர்க்கு அதன்பின் வலுப்பெற்றது.

முற்றுகையில் நகரம்

1748 ஆகஸ்டு இறுதியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போஸ்காவன் பெரும்படையுடன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நகரின்மீது குண்டுகள் விழுந்தன. மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். எஞ்சியோருக்கு உணவு தேடுவதும், அச்சத்தைப் போக்குவதும், உளவுச் செய்திகளைத் திரட்டுவதும் தலைமைத் துபாசியின் பொறுப்பாயின.

அந்நாள்களில் ஆனந்தரங்கரைப் பெரிதும் வருத்திய நிகழ்வு நகருக்குள்ளேயே நடந்தது. செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் ஆட்சியாளர் ஆணையால் இடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியோர் ஆனந்தரங்கரிடம் வந்து முறையிட்டனர். ஆளுநருக்கு அடுத்தபடியாகச் செல்வாக்குப் பெற்றவர் என்று ஊர் நம்பிய அவரால் அதனைத் தடுக்க முடியவில்லை. அந்நிகழ்வை அவர் ஆறாத் துயருடன் எழுதிவைத்தார். இடையில் நிற்பவனின் அதிகாரம் எந்த எல்லையில் முடிகிறது என்பதை அவருடைய வாழ்வில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

அக்டோபரில் மழை தொடங்கியது. நோயும் இழப்பும் மிகவே ஆங்கிலப்படை முற்றுகையைக் கைவிட்டது. புதுச்சேரி வெற்றி விழாக் கொண்டாடியது. ஆனால் அதே திங்களில் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர்க்கு என்னும் கோட்டை பிரான்சுக்கும், அதற்கு ஈடாகச் சென்னை இங்கிலாந்துக்கும் திருப்பித் தரப்பட்டன. இத்தனை உயிர்களைக் கொண்ட போரின் பயன், கனடாக் கடற்கரையில் இருந்த ஒரு கோட்டைக்கு மாற்றுப் பொருளாக முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

இரு மொழிகளை அறிந்தவர் என்னும் பொருள் கொண்ட துவிபாஷி என்ற வடசொல்லே துபாசி என மருவியது. புலவர்களைப் போற்றிய ஆனந்தரங்கர்மீது தியாகராய தேசிகர் தமிழில் ஆனந்தரங்கக் கோவையையும், சீனிவாசக் கவி வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்புவையும் இயற்றினர். கஸ்தூரி ரங்கக்கவி தெலுங்கில் யாப்பிலக்கண நூல் ஒன்றை அவர் பெயரால் எழுதினார்.

அரியணைகளின் பூசல்

ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்டும் தமிழகத்தில் அமைதி ஏற்படவில்லை. இம்முறை காரணம் இந்த மண்ணிலேயே இருந்தது. 1748இல் ஐதராபாத்து நிசாம் மறைந்தார். அவர் மகன் நாசிர்சங்கும் மகள்வழிப் பேரர் முசபர்சங்கும் அரசுரிமைக்குப் போட்டியிட்டனர். ஆர்க்காட்டிலும் அன்வருதீனை எதிர்த்துச் சந்தா சாகிப் உரிமை கோரினார். முசபர்சங்கும் சந்தா சாகிப்பும் துய்ப்ளேயின் துணையை நாடினர். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குச் சென்று ஆங்கிலேயரின் துணையைப் பெற்றார். தத்தம் நாட்டுக் கொடியின் கீழ்ப் போரிட வாய்ப்பற்ற இரு கம்பெனிகளும், நவாபுகளின் கொடியின் கீழ் மீண்டும் மோதின.

துணைக்குக் கைம்மாறாக வில்லியனூரைச் சூழ்ந்த ஊர்கள் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. நிலவரி வருவாய் கையில் இருந்தால், ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வருமென்று காத்திருக்க வேண்டியதில்லை. வரியே படையைப் பேணும். வரியே துணிக்கு முன்பணமாகும். துய்ப்ளேயின் இத்திட்டத்தில் வணிகமும் ஆட்சியும் ஒன்றாயின. நிலத்திற்காகப் படை, படைக்காக நிலம் என்னும் இச்சுழலிலிருந்து இரு கம்பெனிகளாலும் மீள முடியவில்லை.

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசிர்சங்கு கொல்லப்பட, முசபர்சங்கு நிசாமானார். புதுச்சேரிக்கு வந்த அவரைத் துய்ப்ளே பெருஞ்சிறப்புடன் வரவேற்றார். முசபர்சங்கு ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைகளுக்குரிய மன்சுபேதார் என்னும் தகுதியை வழங்கினார். செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் அதற்குரிய சாகீரும் அவருக்கு அளிக்கப்பட்டன. மேளதாளத்துடன் பல்லக்கில் ஆளுநர் மாளிகைக்குள் செல்லவும், தங்கப்பிடியிட்ட கைத்தடி ஏந்தவும் உரிமை பெற்றிருந்த அவருடைய வாழ்வில் அதுவே உச்சம்.

ஆயினும் அவ்வுச்சம் நீடிக்கவில்லை. ஐதராபாத்துக்குச் செல்லும் வழியிலேயே, 1751 தொடக்கத்தில், முசபர்சங்கு கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். 1752இல் சந்தா சாகிப் வீழ்ந்தார். போர் பணத்தை விழுங்கியது. படைகள் நடமாடிய சிற்றூர்களில் உழவரும் நெசவாளரும் ஊரைவிட்டு ஓடினர். வரி தண்டுவது அரிதாயிற்று. துணி வரவும் குறைந்தது. எந்த வணிகத்தைக் காப்பதற்காகப் போர் தொடங்கியதோ அவ்வணிகமே போரினால் நலிந்தது. வருவாயும் செலவும் பொருந்தாத இக்கணக்கு ஆனந்தரங்கருக்குப் புலப்படாமல் இல்லை. துய்ப்ளேயின் ஊக்கத்தை முன்பு வியந்து எழுதிய அவர், பிற்காலத்தில் அவருடைய ஆட்சியின் குறைகளையும் அவர் துணைவியாரின் தலையீட்டையும் கடிந்து எழுதினார்.

இறுதி ஆண்டுகள்

1754இல் பிரெஞ்சுக் கம்பெனி துய்ப்ளேயைத் திரும்ப அழைத்தது. அவருக்குப் பின்வந்த கொதே ஆங்கிலேயருடன் உடன்பாடு செய்தார். தம் சொந்தப் பணத்தையும் போரில் செலவிட்ட துய்ப்ளே, அதனைத் திரும்பப் பெற இயலாமல் 1763இல் பிரான்சில் வறுமையில் மறைந்தார். ஆளுநர் லெரியின் காலத்தில், 1756இல், ஆனந்தரங்கரும் தலைமைத் துபாசிப் பதவியை இழந்தார். உடல்நலமும் குன்றியது. நைனியப்பரைப் போல் அவர் சிறை செல்லவில்லை. எனினும் செல்வாக்கு ஆளுநரின் நிழலில் மட்டுமே வளரும் செடி என்னும் உண்மையை அவரும் கண்டார்.

1756இல் ஐரோப்பாவில் மீண்டும் பெரும்போர் மூண்டது. 1758இல் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரின் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார். அவ்வாண்டு இறுதியில் சென்னையை முற்றுகையிட்டு வெற்றி காணாது திரும்பினார். 1760 சனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றார். அதன்பின் ஆங்கிலப்படை புதுச்சேரியை நெருக்கியது. நிலவழியும் கடல்வழியும் அடைபட்டன. நகரில் உணவு அருகியது. எண்ணற்ற எளிய மக்கள் கோட்டைக்கு வெளியே அனுப்பப்பட்டு, இரு படைகளுக்கும் இடையே அல்லலுற்றனர். 1761 சனவரி முதல் நாள் அடித்த புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தும் முற்றுகை தளரவில்லை. சனவரி 16ஆம் நாள் நகரம் சரணடைந்தது. வென்றவர்கள் அதன் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

நகரம் வீழ்ந்த அந்நாள்களை ஒட்டியே, நோயுற்றிருந்த ஆனந்தரங்கரின் உயிரும் பிரிந்தது. அவருடைய நாட்குறிப்பும் அச்சனவரித் திங்களோடு முடிகிறது.

புதுச்சேரி வீழ்ந்த மறு ஆண்டு, ஸ்பெயினும் பிரான்சுடன் சேர்ந்து போரில் இறங்கியது. உடனே சென்னையிலிருந்து ஆங்கிலக் கப்பல்கள் புறப்பட்டு, 1762 அக்டோபரில் ஸ்பானியரின் மணிலாவைக் கைப்பற்றின. அப்படையில் சென்னையின் சிப்பாய்களும் இருந்தனர். 1739இல் அமெரிக்கக் கடலில் வெள்ளிக்கும் வணிகத்திற்கும் ஆகத் தொடங்கிய பகை, சோழமண்டலத்தின் வழியாகக் கிழக்குக் கடலையும் சென்றடைந்தது. 1763இல் பாரிசில் ஏற்பட்ட உடன்படிக்கையால் மணிலா ஸ்பெயினுக்கும் புதுச்சேரி பிரான்சுக்கும் திரும்பக் கிடைத்தன. வென்ற நகரங்கள் கைமாறின, இறந்தோர் திரும்பவில்லை.

நாட்குறிப்பின் மதிப்பு

ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் பலர் கண்ணில் படாமல் கிடந்தது. 1846இல் அர்மான் கலுவா மொம்ப்ரன் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலம் 1948 முதல் அச்சேறத் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதிய சாமுவேல் பெப்பிசுடன் ஒப்பிட்டு, ஆனந்தரங்கரை இந்தியாவின் பெப்பிசு என அறிஞர் பாராட்டுவர்.

அந்நாட்குறிப்பின் நடை புலவர் நடை அன்று. அன்றைய புதுச்சேரி வணிகரின் பேச்சுத் தமிழில், பாரசீகமும் போர்ச்சுகீசியமும் பிரெஞ்சும் கலந்து அது எழுதப்பட்டுள்ளது. கப்பல்களின் வருகை, பீரங்கி மரியாதை, பொன்னின் விலை, திருமண ஊர்வலம், புயல், தண்டனை, மனிதரை அடிமையாக்கி விற்ற கொடுமை என அதில் இடம்பெறாத செய்தி இல்லை. தற்பெருமையும் சோதிட நம்பிக்கையும் போட்டியாளர் மீதான கசப்பும் அதில் உண்டு. அவற்றை மறைக்காமல் எழுதியமையால்தான் அது நம்பத்தக்க சான்றாகிறது.

இப்போர்களைப் பற்றிய ஆங்கிலேயரின் ஆவணங்களும் பிரெஞ்சுக்காரரின் ஆவணங்களும் ஏராளமாக உள்ளன. அவை தத்தம் வெற்றியையும் நியாயத்தையும் பேசுகின்றன. யாருடைய மண்ணில் போர் நடந்ததோ அம்மக்களின் பக்கம் நின்று, தமிழில், அன்றன்றே எழுதப்பட்ட விரிவான சான்று ஆனந்தரங்கரின் நாட்குறிப்பே ஆகும். தொலைதூர அரியணை, அண்மை அரசுரிமை, வெள்ளி, துணி, தனிமனிதரின் ஆசை ஆகிய அனைத்தும் கூடி ஒரு போரை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை அதன் பக்கங்களில் காணலாம். பதவியையும் பல்லக்கையும் காலம் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் அமர்ந்து எழுதிய பழக்கம் மட்டுமே அவரைத் தமிழுலகில் நிலைபெறச் செய்தது.